பனிமேல் எழுதிய நடை: சைமன் பெக்கின் சித்திரங்கள் பற்றிய சில கருத்துகள்

சைமன் பெக் என்னும் ஆங்கிலேயரின் பனிச்சித்திரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்லி அமைந்துவிடுகின்றனர். ஒன்று, அவை மிகப் பெரியவை. மற்றது, அடுத்த பனிப்பொழிவோடு மறைந்துவிடுபவை. இரண்டும் உண்மையே. ஆயினும் பெருமையும் நிலையாமையும் மட்டுமே ஒன்றைக் கலையாக்கிவிடும் எனின், கடற்கரையில் வந்து மீளும் அலையையும் மாலை நேரத்து முகிற்கூட்டத்தையும் நாம் கலைப்படைப்புகள் என்றே கொள்ளவேண்டியிருக்கும். வியப்பு விமர்சனத்தின் தொடக்கமாக இருக்கலாம். அதுவே விமர்சனமாகிவிட முடியாது. பெக்கின் சித்திரங்களில் கலை எனத்தக்கது யாது, அது எவ்விடத்தில் நிற்கிறது, எவ்விடத்தில் தளர்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இதனை எழுதுபவன் வெண்பனியைக் கண்ணாற் கண்டதில்லை. நம் மொழியில் ‘பனி’ என்னும் சொல் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் மலைச்சரிவில் இறங்கும் புகாரையுமே முதலில் நினைவூட்டும். முழங்காலளவு குவிந்து கிடந்து, மிதித்தால் மிதித்த வடிவைக் காத்துவைத்திருக்கும் ஒரு பொருளை அச்சொல்லாற் சுட்டும்போது நாம் அதற்குப் பழக்கமில்லாத ஒரு வேலையைக் கொடுக்கின்றோம். இச்சித்திரங்களை நான் அறிந்தது ஒளிப்படங்கள் வாயிலாகவே. இது எனது குறைபாடு என்றே முதலில் எண்ணினேன். ஆனால் இச்சித்திரங்களை அறிந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் என் நிலையிலேயே உள்ளனர் என்பதும், இந்நிலை அக்கலையின் இயல்போடு பிணைந்தது என்பதும் பின்னர் விளங்கின. இதற்கு மீண்டும் வருவோம்.

பெக் 1958 இற் பிறந்தவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்றவர். அத்துறையில் நிலைக்காது, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டுவெளியில் வழிகண்டு ஓடும் போட்டிகளில் ஈடுபட்டு, அப்போட்டிகளுக்கான வரைபடங்களைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டார். பிரான்சின் சவோய்ப் பகுதியில், அல்ப்ஸ் மலையிலுள்ள லெ ஸார்க் என்னும் பனிச்சறுக்குத் தலத்தில் குளிர்காலங்களைக் கழிப்பவர். 2004 இல் ஒருநாள், சறுக்கி முடித்த பின்னர் எஞ்சியிருந்த நேரத்தில், அங்கு உறைந்து கிடந்த சிறிய ஏரியின்மேல் நடந்து ஒரு நட்சத்திர வடிவை ஆக்கினார். தொடக்கம் விளையாட்டே. பின்னர் கால்களில் ஏற்பட்ட கோளாறு ஓட்டத்தைத் தடுக்கவே, ஓடாது செய்யக்கூடிய ஓர் உடற்பயிற்சியாக இதனை மேற்கொண்டார். 2009 அளவில் அது அவரது முதன்மைப் பணியாயிற்று. 2014 இல் ‘பனிக்கலை’ என்னும் பொருள்படும் பெயருடன் அவரது நூல் வெளிவந்தது. இவ்வாழ்க்கைச் செய்திகளை இங்கு தருவது வெறும் அறிமுகத்துக்காக அன்று. ஓவியப் பள்ளியிலிருந்து வந்த ஒருவர் தூரிகையின் இடத்திற் பாதத்தை வைத்த கதை அன்று இது; நிலத்தை அளந்து நடந்த ஒருவர் தம் அளவையையே சித்திரமாக்கிய கதை. இவ்வேறுபாடு அவருடைய ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது.

அவருடைய முறை மிக எளிய கருவிகளைக் கொண்டது: காலிற் பனிப்பாதணி, கையிலே திசைகாட்டி, வட்டம் வரைவதற்கு ஒரு முனை நடுவில் ஊன்றப்பட்ட கயிறு. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கை. தூரத்தை அவர் அடிகளை எண்ணியே அளக்கிறார். நேர்க்கோடு வேண்டுமிடத்து, தொலைவிலுள்ள ஒரு பொருளின்மேற் கண்ணை வைத்து அதனை நோக்கி நடக்கிறார். முதலில் முக்கிய புள்ளிகளை நிலத்தில் நிறுவி, அவற்றை இணைத்து, பின்னர் சிறு வடிவங்களைப் பிரித்து, இறுதியாக இருளவேண்டிய பகுதிகளை அடுத்தடுத்த தடங்களால் மிதித்து நிரப்புகிறார். ஒரு சித்திரத்துக்குப் பத்து மணித்தியாலம் வரை செல்வது வழமை. பகல் போதாதவிடத்து நெற்றியிற் கட்டிய விளக்கின் ஒளியில் வேலை தொடரும். ஒரு பாதணித் தடத்தின் அகலம் ஏறத்தாழ அரை மீற்றர் என வைத்துக்கொண்டால், நூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமுமுள்ள ஒரு சதுரத்தை முழுமையாக மிதிக்க 20 கிலோமீற்றர் நடக்கவேண்டும். புதுப்பனியில் ஓர் அடி என்பது தெருவில் வைக்கும் ஓர் அடி அன்று என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில்தான், என் கருத்துப்படி, இக்கலையின் உயிர் இருக்கிறது. ஓவியன் ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோட்டைத் தீட்டி மறைக்கலாம். எழுத்தாளன் அடித்து எழுதலாம். சிற்பியின் கல்லே மீட்க இயலாதது எனினும், அவன் உளிபடுமிடத்தைப் பார்த்துக்கொண்டு உளியை வைக்கிறான். பனியில் நடப்பவனுக்கு இவ்வாய்ப்புகள் எவையும் இல்லை. வைத்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது. தவறாக வைத்த ஓரடியைத் திருத்துவதற்காக அருகிற் சென்றால் அச்செலவே இன்னொரு தவறாகிவிடும். அத்துடன் அவன் தான் ஆக்கும் வடிவத்தைப் பார்க்கவும் முடியாது. வடிவத்தின் உள்ளே, அதன் தளத்திலேயே, கண் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் நிற்க, முன்னால் வெண்மையும் பின்னால் ஒரு தடமுமே அவனுக்குத் தெரியும். எனவே அவன் வரைவது கண்ணால் அன்று, நினைவால். இத்தனையாவது அடியில் இப்பாகை திரும்பவேண்டும் என்னும் கணக்கே அவனை நடத்திச் செல்கிறது. நிலையாமை இச்சித்திரங்களின் சிறப்பு என்பார் ஓர் உண்மையைத் தலைகீழாகக் காண்கின்றனர். சித்திரம் அழிந்துவிடுகிறது என்பது பின்னால் நிகழ்வது. அடி அழியாது என்பது ஆக்கத்தின் ஒவ்வொரு கணத்திலும் நிகழ்வது. அந்த ஏரியில் நிற்கும் மனிதனுக்குப் பனி நிலையற்ற பொருளாக அல்ல, மன்னிப்பறியாத பொருளாகவே அமைகிறது.

அவர் விரும்பித் தேர்ந்த வடிவங்களுள் ஒன்றை எடுத்து நோக்கினால் இது மேலும் தெளிவாகும். சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் ஹெல்கெ வொன் கொக் 1904 இல் ஒரு வளைகோட்டை விவரித்தார். ஒரு நேர்க்கோட்டை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியை நீக்கி, அவ்விடத்தில் ஒரு முக்கோண முனையை எழுப்புக, இவ்வாறு தோன்றும் நான்கு கோடுகளுக்கும் மீண்டும் அவ்வாறே செய்க, முடிவின்றிச் செய்க. ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் இதனைச் செய்தால் பனித்துகளை ஒத்த வடிவம் கிடைக்கும். அதன் பரப்பு ஓர் எல்லைக்குள் அடங்கும். சுற்றளவோ எல்லையின்றி வளரும். சிறு பகுதி முழுமையின் சாயலைத் தாங்கி நிற்கும் இவ்வகை வடிவங்களுக்கு 1975 இல் மண்டல்புறொட் ‘பிறக்ரல்’ எனப் பெயரிட்டார். பெக் இக்கொக் வடிவையும், போலந்து நாட்டவரான சியர்பின்ஸ்கியின் முக்கோணத்தையும் பலமுறை நடந்திருக்கிறார்.

காகிதத்தில் இக்கணக்கைச் சிறிது போட்டுப் பார்த்தேன். 81 மீற்றர் பக்கமுள்ள முக்கோணத்தோடு தொடங்குவோம். சுற்றளவு 243 மீற்றர். முதற் படியில் அது 324 ஆகும். இரண்டாவதில் 432, மூன்றாவதில் 576, நான்காவதில் 768 மீற்றர். நான்காம் படியில் ஒவ்வொரு சிறு கோடும் ஒரு மீற்றர் நீளமானது. அத்தகைய கோடுகள் 768. ஒரு மீற்றருக்கு ஒரு திருப்பம்! ஐந்தாம் படியிற் கோட்டின் நீளம் 33 சதமமீற்றர். பாதணியின் நீளமோ ஏறத்தாழ 60 சதமமீற்றர். ஆகவே அப்படி நிகழ இயலாது. பாதம் வடிவத்தைவிடப் பெரிதாகிவிடும். கணிதத்தில் முடிவிலிவரை செல்லும் ஒரு கட்டளை, பனியில் மனிதனின் காலடியில் வந்து நின்றுபோகிறது. கணினித் திரையில் இதே வடிவத்தை எத்தனை படி வேண்டுமாயினும் ஆக்கலாம். அங்கு அது ஓர் அழகிய வித்தை. பனியிலே அது ஒரு விவாதமாகிறது: முடிவில்லாத ஒன்றுக்கும் களைத்துப்போகும் ஓர் உடலுக்கும் இடையிலான விவாதம். பெக்கின் சித்திரங்களை வெறும் ‘பொறியியலாளனின் அலங்காரம்’ எனத் தள்ளிவிட முடியாமைக்கு இதுவே காரணம் என்பேன்.

எனினும் அவ்வாறு தள்ளுவதற்கும் நியாயம் இல்லாமலில்லை. நிலத்தையே ஊடகமாகக் கொண்ட கலை பெக்கோடு தொடங்கியதன்று. 1967 இல் ரிச்சாட் லோங் என்பவர் இங்கிலாந்தின் வில்ற்ஷயரில் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து, புல் படிந்து ஒரு கோடு தெரியும்வரை நடந்து, அதனை ஒளிப்படமாக எடுத்தார். அப்போது அவரும் ஒரு மாணவரே, வயது இருபத்திரண்டு. ஒரே ஒரு நேர்க்கோடு. அதற்குமேல் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு டெனிஸ் ஒப்பன்ஹைம் என்னும் அமெரிக்கர் பனியைத் தேர்ந்தெடுத்தார். ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்கும் கனடாவின் நியூ பிறன்ஸ்விக் மாகாணத்துக்கும் இடையே சென்ற் ஜோன் ஆறு ஓடுகிறது. அதுவே இரு நாட்டு எல்லை. இரு நேர வலயங்களின் எல்லையும் அதுவே. குளிர்காலத்தில், அவ்வெல்லைக்கு இருபுறமும் பரவுமாறு, மரத்தை வெட்டினால் அடியிற் காணும் ஆண்டுவளையங்களைப் பெருவடிவிற் பனியில் வெட்டினார். ஒரு பாதி வளையம் ஒரு நாட்டில், மறுபாதி இன்னொரு நாட்டில். ஒரு பாதி ஒரு மணியில், மறுபாதி அடுத்த மணியில். மரம் தன் வயதைக் கணக்கிடும் முறையும் அரசுகள் நிலத்தையும் நேரத்தையும் கூறுபோடும் முறையும் ஒன்றையொன்று வெட்டிச்செல்கின்றன. இப்படைப்பைப் பற்றிப் பேச ஒளிப்படம்கூடத் தேவையில்லை, சொன்னாலே விளங்குகிறது.

பெக்கின் சித்திரத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அது எதைப் பற்றியது எனக் கேட்டால் அது தன்னைப் பற்றியதே என்றுதான் விடை கூறவேண்டும். உள்ளடக்கத்தை முன்வைத்துக் கலையை மதிப்பிடப் பழகிய நமக்கு இது இடறுகிறது, எனக்கும் இடறியது. ஆனால் இரண்டு வினாக்களைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. ஒப்பன்ஹைமின் வளையங்களை யார் வெட்டினாலும் கருத்து கருத்தாகவே நிற்கும். பெக்கின் கொக் வடிவத்தை இயந்திரம் ஒன்று பனியில் அச்சிட்டிருந்தால் அதனைப் பொருட்படுத்துவோர் யாருமிரார். அவரது படைப்பின் உள்ளடக்கம் அதன் உழைப்பே. அது உருவத்துக்கு வெளியே இருந்து உருவத்தால் ஏந்தப்படும் ஒரு செய்தி அன்று. உருவம் உண்டான வகை அது. இதனை ஏற்றுக்கொண்டால், பெக்கின்மீது சுமத்தத்தக்க உண்மையான குற்றச்சாட்டும் புலப்படும். அவரது உள்ளடக்கம் உழைப்பு எனின், அவர் உலகுக்குக் காட்டும் ஒளிப்படங்களில் அவ்வுழைப்பு ஏன் காணப்படவில்லை?

இவ்வினாவுக்கு விடைகாண லெ ஸார்க் எவ்வகையான இடம் என்பதை நோக்கவேண்டும். அது பழைய மலைக்கிராமம் அன்று. 1960 களின் பிற்பகுதியிலிருந்து சறுக்குவோருக்கென உயரத்திற் கட்டப்பட்ட தலம். அதன் தொடக்கக் கட்டடங்களின் திட்டமிடலில் ஷார்லொத் பெரியாங் முக்கிய பங்கு கொண்டவர். பெக்கின் ஏரி இருக்கும் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீற்றர் உயரத்திலுள்ளது. சுற்றிலும் மேல்மாடிப் பலகணிகள். மேலே கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் இருக்கைகள். அதாவது, ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கீழ்நோக்கிப் பார்க்கும் வகையில் அமைந்த இடம் அது. நிலத்தில் நிற்பவனுக்கு வெறும் தடமாகத் தெரிவது, கட்டணம் கொடுத்து மேலே ஏறியவனுக்குச் சித்திரமாகத் தெரிகிறது. இக்கலைக்குத் தேவையான உயர்ந்த பார்வையைச் சுற்றுலா முதலீடே முதலில் உண்டாக்கிக் கொடுத்தது. ஆளில்லா விமானங்கள் பின்னர் அதனை எங்கும் கொண்டுசென்றன. இக்கலையின் சமூக அடித்தளம் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. பெக்கைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கோயிற் கோபுரத்தைப் பற்றிப் பேசுபவர் அதற்கு நிலம் விட்ட அரசனைப் பற்றியும் பேசவேண்டும் என்பதே என் கருத்து.

ஒளிப்படத்துக்கும் தனியொரு கொடுங்கோன்மை உண்டு. மிதித்த பனிக்கும் மிதியாத பனிக்கும் நிற வேறுபாடு கிடையாது, இரண்டும் வெண்மையே. வேறுபாட்டை உண்டாக்குவது நிழல். கதிரவன் தாழ்ந்து நிற்கும்போது ஒவ்வொரு குழியும் தன் விளிம்பின் நிழலைத் தனக்குள் வாங்கிக் கருமையடைகிறது. உச்சிப்பொழுதிலோ அதே சித்திரம் ஏறத்தாழக் கரைந்துபோகும். மூடுபனி வந்தாலும் அவ்வாறே. பத்து மணிநேர உழைப்பு, நன்றாகத் தெரியும் ஒருசில மணிநேரங்களுக்காகக் காத்திருக்கிறது. அந்நேரத்தில் எடுத்த படமே உலகைச் சுற்றுகிறது. படத்தில் நடந்தவர் இல்லை, இரவு இல்லை, நெற்றிவிளக்கு இல்லை, களைப்பு இல்லை. சமச்சீரான ஒரு வடிவம் தானாகவே பூத்ததுபோற் கிடக்கிறது. பாராட்டுவோர் அதனை ‘இயற்கையின் அற்புதம்’ என்றே எழுதிவிடுகின்றனர்! உழைப்பு மறைக்கப்பட்ட பொருள் சந்தைக்கு ஏற்றதாகிவிடுவது நாம் அறிந்ததே. நியூசிலாந்துக் கம்பளி ஆடை நிறுவனமொன்றுக்காக இவ்வடிவங்கள் துணியிற் பதிக்கப்பட்டன. அவ்வாடையில் வடிவம் எஞ்சியது, அடி எஞ்சவில்லை. ஒருவர் தம் வாழ்வுக்குப் பொருளீட்டுவதை இகழ்வது முறையன்று. ஆயினும் ஆடையிற் பதித்த பின்னரும் குறைவுபடாதது எதுவோ அதுவே அச்சித்திரத்தின் மலிவான பகுதி என்று துணிந்து கூறலாம்.

காலில் அணியும் கருவியும் ஒரு வரலாறு உடையது. மரச்சட்டத்திற் தோல்வாரைப் பின்னிய பனிப்பாதணி வட அமெரிக்கத் தொல்குடிகளின் குளிர்கால வாழ்வுக்கு இன்றியமையாத ஒன்றாயிருந்தது. வேட்டைக்குச் செல்லவும் உணவு கொண்டுவரவும் ஆன கருவி அது. உடலின் பாரத்தைப் பரந்த பரப்பிற் பகிர்ந்து, பனியில் அமிழாமற் காப்பது. ஐரோப்பியர் அதனை அவர்களிடமிருந்து கற்று, உரோம வணிகத்துக்கும் போருக்கும் பயன்படுத்தி, பின்னர் பொழுதுபோக்காக மாற்றினர். இன்று அது அலுமினியத்தாலும் பிளாஸ்ரிக்காலும் ஆனது. உயிர் வாழ்வதற்காகப் பிறந்த ஒரு கருவி ஓய்வுநேரத்துக்குரியதாகி, அவ்வோய்வுநேரத்துக்குள்ளேயே மீண்டும் கடும் உழைப்பின் கருவியாகியிருப்பது ஒரு விநோதம்.

இவ்வுழைப்பு தனிமனிதனுடையதாகவே இருக்கவேண்டும் என்னும் விதியும் இல்லை. ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் இயங்கும் சொன்யா ஹின்றிக்ஸன் 2013 இல் கொலராடோ மாநிலத்தின் உறைந்த கற்றமவுன்ற் ஏரியில் ஏறத்தாழ 60 தன்னார்வலர்களோடு நடந்தார். பெக்கினுடையவை கணிதத்தின் கட்டளைக்கு அடங்கியவை. ஹின்றிக்ஸனுடையவை சுருள்கள், ஒன்றையொன்று தொட்டும் விலகியும் விரிபவை. ஒருவர் சிறிது வளைந்துவிட்டால் பெக்கின் சித்திரம் பழுதாகும். ஹின்றிக்ஸனின் சித்திரம் அவ்வளைவையும் ஏற்றுக்கொள்ளும். பலர் கூடி ஆக்கும் கலை எனும்போது நம்மிற் பலர் இரண்டாவதையே உயர்த்திப் பேசுவோம் என்பதில் ஐயமில்லை. நானும் அவ்வாறே எழுத எண்ணியிருந்தேன். ஆனால் படங்களை மீண்டும் மீண்டும் நோக்கியபோது, சுருள்கள் கண்ணுக்கு இனிமை தந்தனவேயன்றி அதற்கு மேலே என்னை நிறுத்தவில்லை. தவறுவதற்கு இடமேயில்லாத ஒரு வடிவத்தில், தவறாமை ஒரு பொருளைப் பெறுவதில்லை. கூட்டுழைப்பு போற்றத்தக்கது, அதற்காகக் கூட்டாக ஆக்கியதெல்லாம் சிறந்ததாகிவிடாது.

பெக்கினுள்ளும் தரவேறுபாடு உண்டு. ஏரியின் நடுவே, விளிம்பு எதனையும் தொடாமல், பெரிய வட்டத்துக்குள் அடங்கி நிற்கும் அவரது சித்திரங்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் விரிப்புத்துணிகளின் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிய உணர்வே எஞ்சுகிறது. நூற்றுக்கணக்கிற் செய்தவர் அவர். அவற்றுட் பல ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கத்தக்கவை. அவ்வேரிக்கே உரிய ஒழுங்கற்ற கரைவரை வடிவம் விரிந்து, அங்கே நிலத்துக்கு வழிவிட்டுத் தடைப்படும் சித்திரங்களையே நான் உயர்வாகக் கருதுகிறேன். அங்கு பனி ஒரு வெற்றுத்தாளாக இல்லை. அதற்குக் கீழே ஓரிடம் இருக்கிறது என்பது தெரிகிறது.

அவ்விடத்துக்கு இப்போது நேர்ந்துகொண்டிருப்பதையும் புறக்கணித்துவிட முடியாது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னர் அல்ப்ஸ் பகுதியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. இது உலகச் சராசரியிலும் ஏறக்குறைய இருமடங்கு. தாழ்ந்த சரிவுகளிற் பனி தங்கும் நாட்கள் குறைந்துவருகின்றன. லெ ஸார்க் உயரத்திலிருப்பதால் இன்னும் தப்பி நிற்கிறது. பனிச்சித்திரம் நிலையாமையை உணர்த்துகிறது என எழுதியோர், அடுத்த குளிர்காலத்திற் புதிய தாள் நிச்சயம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையிலே எழுதினர். அந்த நம்பிக்கை ஆட்டங்காணும் காலத்தில் அதே சொல் அத்தனை எளிதாக நாவில் வருவதில்லை.

இனி, விட்டுவந்த வினாவுக்கு. படத்தில் நடந்தவர் இல்லை என்றேன். முற்றிலும் அவ்வாறு அன்று. தீண்டப்படாத வெளியின் நடுவே ஒரு வடிவத்தை ஆக்கவேண்டுமாயின் கரையிலிருந்து அதற்குள் ஒருமுறை செல்லவேண்டும். முடிந்தபின் ஒருமுறை வெளியேறவேண்டும். பறந்து செல்ல வழியில்லை. அச்செலவுக்கும் தடம் உண்டு. அதனை வடிவத்தின் ஒரு கோட்டோடு சேர்த்து மறைக்கலாம். வடிவம் கரையைத் தொடாதவிடத்து மறைக்கவும் இயலாது. ஒழுங்கான நூறு கோடுகளுக்கு வெளியே, எவ்விதிக்கும் அடங்காத, சிறிது கோணலான ஒற்றைத் தடம் அது. வேலை முடித்து, ஈரமான காலுறையோடும் அணைந்த விளக்கோடும் ஒருவர் கரையேறிப் போன வழி. இப்போதெல்லாம் அவரது படம் எதனைக் கண்டாலும் என் கண் அத்தடத்தையே முதலில் தேடுகிறது.